பாடம் கிடக்கட்டும், கேள்வியைக் காட்டுங்கள்

மேல்நிலை மாணவர்களுக்குப் பணத்தையும் நேரத்தையும் நிர்வகிக்கக் கற்றுத்தரும் கையேடு என்று யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் நான் பின்பக்கத்திலிருந்துதான் புரட்டுவேன். வாழ்த்துச் செய்தி, முன்னுரை, வண்ணப்படம் எல்லாம் அப்புறம். பயிற்சி வினாக்கள் எப்படி இருக்கின்றன? ‘சேமிப்பின் நன்மைகள் ஐந்தினைப் பட்டியலிடுக’, ‘வரவு செலவுத் திட்டம் என்றால் என்ன?’ என்று கேட்டிருந்தால் அதை வைத்து ஒரு பாடவேளையைக்கூட உருப்படியாக ஓட்ட முடியாது. இந்தக் கேள்விகளுக்கு எங்கள் பிள்ளைகள் பாடத்தைப் படிக்காமலே முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். வாங்கிவிட்டு, அதே வாரம் கடைவீதியில் தவணைக்குச் செல்போன் விலை விசாரித்துக்கொண்டு நிற்பார்கள்.

பேராவூரணிக்கும் கீரமங்கலத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்துகிறேன். இந்த மாதிரிக் கையேடுகள் முன்பு எப்போதாவது ஒன்று வரும். இப்போது மேசை கொள்ளவில்லை. காரணம் தெரிந்ததுதான். 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பிள்ளையின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் நேராக விழுகிறது. பதினேழு பதினெட்டு வயதில் சொந்தப் பெயரில் கணக்கு, அதில் மாதாமாதம் பணம் என்பது எங்கள் ஊரில் முந்தைய தலைமுறை பார்க்காத சங்கதி. அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வங்கி வருகிறது, தொண்டு நிறுவனம் வருகிறது, காப்பீட்டு முகவர் வருகிறார், பங்கு வர்த்தகச் செயலிக்காரர்களும் வருகிறார்கள். வரும்போது ஆளுக்கொரு புத்தகம். எதை வகுப்புக்குள் விடலாம், எதை அலமாரியிலேயே வைத்துவிடலாம் என்று முடிவெடுப்பது ஆசிரியர் தலையில் விழுகிறது.

நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்றைக் காட்டுகிறேன். இது எந்தக் கையேட்டிலும் இல்லை. பள்ளிக்கு எதிரே மின்கம்பத்தில் கட்டியிருந்த இருசக்கர வாகன விளம்பரத்தைப் பார்த்து நானே போட்ட கணக்கு. ஒரு லட்சம் ரூபாய் கடன். வட்டி ‘வெறும் 10 சதவீதம்’. மூன்று வருடத் தவணை. வருடத்துக்கு 10,000 வீதம் மூன்று வருடத்துக்கு வட்டி 30,000. மொத்தம் 1,30,000-ஐ 36-ஆல் வகுத்தால் மாதத் தவணை 3,611. இதுவரை எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடும். இப்போது கேள்வி: இருபத்தைந்தாவது மாதம் தவணை கட்டப் போகும்போது உன் கையில் கடைக்காரர் பணம் எவ்வளவு இருக்கிறது?

வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். முன்பெஞ்சிலிருந்து ஒரு பெண், “சார், அசல்ல மூணுல ரெண்டு பங்கு கிட்டக் கட்டியாச்சே” என்பாள். ஆமாம், கட்டியாயிற்று. ஆனால் வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறது. மூன்று வருடம் நம்மிடம் சராசரியாகப் பாதிப் பணம்தான் இருந்தது. வட்டியோ முழுப் பணத்துக்கும் கட்டினோம். குறைந்துகொண்டே வரும் அசலுக்கு வட்டி போட்டுப் பார்த்தால் அந்த ‘வெறும் 10’ ஏறத்தாழ 18 சதவீதம் ஆகிறது. ஆவணக் கட்டணம், காப்பீடு என்று மேலே பிடிப்பதையும் சேர்த்தால் இன்னும் ஏறும். பத்துக்கும் பதினெட்டுக்கும் உள்ள தூரத்தை ஒரு தடவை தன் கையால் போட்டுப் பார்த்த பையன் அந்த விளம்பரத்தைப் பழையபடி படிக்க மாட்டான்.

பெரும்பாலான கையேடுகள் இந்த இடத்தில் ‘கடன் வாங்கும் முன் வட்டி விகிதங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்’ என்று ஒரு வரியோடு தாண்டிவிடும். எதை எதனோடு ஒப்பிடுவது? ஒருவர் அசல் குறையக் குறைய வட்டி போடுகிறார், இன்னொருவர் மொத்தத்துக்கும் போடுகிறார், மூன்றாமவர் நூற்றுக்கு மூன்று வட்டி என்று மாதக் கணக்கில் பேசுகிறார். மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரத் தெரியாதவனுக்கு ஒப்பிடச் சொல்வதில் பயனில்லை. 2024 அக்டோபர் முதல் தனிநபர்களுக்குக் கொடுக்கும் தவணைக் கடன்களுக்கு எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டுச் சதவீதத்தை ஒரே தாளில் எழுதிக் கடன் வாங்குபவரிடம் கொடுத்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வைத்திருக்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்கு, அதில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற பக்கம் ஒரு கையேட்டில் இருந்தால் அதற்கு நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

கேள்விகளைப் பார்த்த பிறகு நான் தேடுவது, அந்தப் புத்தகத்துக்குள் இருக்கிற குடும்பம் யார் என்று. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே குடும்பம்தான். அப்பாவுக்கு மாதம் 50,000 சம்பளம், ஒன்றாம் தேதி வந்துவிடும். அம்மா வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். பிள்ளைகள் இரண்டு, இருவருக்கும் கைச்செலவுக்குப் பணம் உண்டு, அதில் மிச்சம் பிடித்து உண்டியலில் போடுகிறார்கள். கூடவே 50-30-20 என்று ஒரு சூத்திரம் வரும்: வருமானத்தில் பாதி அவசியத்துக்கு, முப்பது சதவீதம் ஆசைக்கு, இருபது சேமிப்புக்கு. அமெரிக்காவின் எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005-இல் எழுதிய புத்தகத்தால் பரவிய கணக்கு இது. அங்கே மாதச் சம்பளக்காரர்களுக்கு எழுதியது. அந்த அளவில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வருமானத்தில் எண்பது சதவீதம் அரிசி, வாடகை, மருந்து, வட்டி என்று போய்விடுகிற வீட்டுப் பிள்ளையிடம் இதைக் கொடுத்தால், தன் வீட்டில் ஏதோ தப்பு நடக்கிறது என்றுதான் அது நினைத்துக்கொள்ளும்.

என் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களைச் சொல்கிறேன். தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்குக் காய்வெட்டு நாற்பத்தைந்து நாளைக்கோ இரண்டு மாதத்துக்கோ ஒருமுறை. வெட்டினால்தான் பணம், அதுவும் அன்றைய விலைக்கு. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து மரங்களைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு புதிதாக வைத்த கன்று காய்ப்புக்கு வர எத்தனை வருடம் ஆகும் என்பது இந்தப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். மல்லிப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கமிருந்து வருகிறவர்கள் வீட்டில் விசைப்படகு என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் வருமானமே கிடையாது. பள்ளி திறக்கிற நேரமும் அதுதான். நோட்டு, சீருடை, கட்டணம் எல்லாம் அந்த வறட்சியிலேயே வந்து நிற்கும். அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிற வீட்டில் பணம் வரும், ஆனால் அனுப்புகிறபோதுதான் வரும். இவர்கள் யாருக்கும் மாத பட்ஜெட் பொருந்தாது. வேண்டியது வருட பட்ஜெட்.

அதனால் மாத அட்டவணை போட்ட கையேடு நன்றாக இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். ஒரு முழுத்தாளில் சித்திரையிலிருந்து பங்குனி வரை பன்னிரண்டு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் மேலே வரவு, கீழே செலவு. பணம் வருகிற மாதங்களுக்குப் பச்சை, முடைப்படுகிற மாதங்களுக்குச் சிவப்பு. வட்டிக்கு வாங்குவது எப்போதும் எந்த மாதத்தில் நடக்கிறது என்று கேட்டால் பிள்ளைகள் தாளைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். எந்தப் பச்சை மாதத்தில் எவ்வளவு எடுத்து வைத்திருந்தால் அந்தச் சிவப்பு மாதத்தைத் தாண்டியிருக்கலாம் என்பது அதற்கு அடுத்த கேள்வி. சேமிப்பின் நன்மைகளைத் தனியாகப் பட்டியல் போட்டு எழுதச் சொல்ல வேண்டிய அவசியமே இதற்கப்புறம் வரவில்லை.

இன்னொன்று மொய். எங்கள் பக்கத்தில் ஆடி பிறந்தால் மொய் விருந்து. பந்தல், ஆட்டுக்கறிச் சாப்பாடு, வாசலில் மேசை போட்டு மொய் எழுதுவது. இப்போது பல இடங்களில் கணினி வைத்து ரசீதே கொடுக்கிறார்கள். பல குடும்பங்கள் வீடு கட்டியதும் பெண் கட்டிக்கொடுத்ததும் இந்தப் பணத்தில்தான். வெளியூரிலிருந்து வந்த ஒரு கையேடு ‘விசேஷங்களுக்கு அன்பளிப்பு’ என்பதை ஆடம்பரச் செலவு என்கிற தலைப்பின் கீழ் போட்டிருந்தது. அதை வாசித்த பையன் எழுந்து சொன்னான்: “இது செலவு இல்ல சார். வாங்கினதைத் திருப்பிக் குடுக்கிறோம். மொய் செய்யலேன்னா ஊர்ல தலை காட்ட முடியாது.” அவன் சொன்னதுதான் சரியான கணக்குப் பதிவு. வாங்கிய மொய் பொறுப்பு. போட்ட மொய் வரவேண்டிய பாக்கி. வாங்கியதற்கு மேலே சேர்த்துப் போடுகிற தொகை நாம் புதிதாகக் கொடுக்கிற கடன். இரட்டைப் பதிவு முறையைப் பதினொன்றாம் வகுப்பில் விளக்குவதற்கு வீட்டு அலமாரியிலிருக்கும் மொய் நோட்டை விட நல்ல சாதனம் எனக்குக் கிடைத்ததில்லை.

அதிலிருந்தே ஒரு கணக்கு. ஒரு குடும்பத்துக்கு மொய் விருந்தில் நான்கு லட்சம் வருகிறது. வருடத்துக்குச் சுமார் 80,000 வீதம் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கும். ஏற்கெனவே நூற்றுக்கு மூன்று வட்டியில் ஒன்றரை லட்சம் கடன் இருக்கிறது. வந்த பணத்தை என்ன செய்யலாம்? வண்டி வாங்கலாம் என்று ஒரு கூட்டம், நகை வாங்கலாம் என்று ஒரு கூட்டம். மூன்று வட்டி என்றால் மாதம் 4,500, வருடத்துக்கு 54,000. அந்தக் கடனை முதலில் அடைத்தால், இதுவரை வட்டிக்குப் போன 54,000 இனி மொய் திருப்புவதற்குக் கிடைக்கும். மேற்கொண்டு வருடத்துக்கு 26,000 தேடினால் போதும், இரண்டரை லட்சம் கையில் நிற்கிறது. வட்டியில்லாப் பணத்தை வைத்து வட்டிப் பணத்தை அடைப்பது என்கிற விஷயம் இப்படித்தான் மண்டையில் ஏறுகிறது. மொய்யே வேண்டாம் என்று பிரசங்கம் செய்கிற புத்தகத்தால் இதைச் சொல்லித்தர முடியாது. மொய்யில் ஆபத்தும் உண்டு. திருப்ப வேண்டிய வருடத்தில் காய் விலை விழுந்தால் மொய்க்காக வட்டிக்கு வாங்குகிறவர்களைப் பார்க்கிறோம். அதையும் அதே தாளில்தான் காட்டுகிறேன்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘உங்கள் வீட்டு வருமானத்தையும் கடனையும் எழுதி வகுப்பில் பகிர்ந்துகொள்க’ என்று பயிற்சி வைத்திருக்கும் கையேடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பக்கத்தை நான் பயன்படுத்துவதில்லை. ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். ஒருவன் வீடு கடன் வாங்கியிருப்பது அடுத்தவன் அப்பாவிடமாக இருக்கும். கற்பனைக் குடும்பம் ஒன்றைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் போதும். தன் வீட்டுக் கணக்கை அவனவன் மனதுக்குள் போட்டுக்கொள்வான்.

கையேடு எவ்வளவு பழையது என்று கண்டுபிடிக்கச் சுருக்கமான வழி உண்டு. உள்ளே இருக்கும் எண்களில் மூன்றைச் சோதித்தால் போதும். பிரதமர் விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டு பிரீமியம் 12 ரூபாய், ஆயுள் காப்பீட்டுக்கு 330 என்று இருந்தால் அது 2022 ஜூனுக்கு முந்தைய சரக்கு; இப்போது 20, 436. வங்கி மூழ்கினால் ஒரு லட்சம் வரைதான் காப்பீடு என்று இருந்தால் அது 2020 பிப்ரவரிக்கு முந்தையது; அதன் பிறகு ஐந்து லட்சம். செல்வமகள் திட்டத்தில் சேர 1,000 ரூபாய் வேண்டும் என்றிருந்தால் இன்னும் பழையது. 250 போதும் என்று 2018-லேயே குறைத்துவிட்டார்கள். அச்சிட்ட வருடமே போடாத புத்தகங்கள் நிறைய வருகின்றன, அவற்றுக்கு இந்தச் சோதனைதான் பிறப்புச் சான்றிதழ். குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல் ‘இருப்புக் குறைந்தால் அபராதம்’ என்று மட்டும் பயமுறுத்தும் புத்தகத்தையும் நான் ஓரமாக வைத்துவிடுவேன். அந்தப் பயத்திலேயே வங்கிப்பக்கம் போகாத வீடுகள் உண்டு.

அடுத்து, யார் அச்சிட்டது என்பது. ரிசர்வ் வங்கி, செபி உள்ளிட்ட நான்கு ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய தேசிய நிதிக் கல்வி மையம் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை பயிற்சி ஏடுகள் போட்டிருக்கிறது. நடை கொஞ்சம் வறட்சிதான். ஆனால் எதையும் விற்க வரவில்லை. ரிசர்வ் வங்கியின் ராஜு படக்கதை பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியும், தம்பி தங்கைக்குக் கொண்டுபோய்க் கொடு என்று கொடுத்துவிடலாம். கவனம் தேவைப்படுவது வழுவழுப்பான தாளில், கடைசிப் பக்கத்தில் க்யூஆர் கட்டத்தோடு வருகிற இலவசப் புத்தகங்களில். அதை ஸ்கேன் செய்தால் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் படிப்பேன். கணக்குத் தொடங்கும் பக்கத்துக்குப் போனால் அது பாடநூல் இல்லை, விளம்பரம்.

இவற்றில் தவறாமல் ஒரு அட்டவணை இருக்கும். மாதம் 1,000 போடு, வருடத்துக்கு 12 சதவீதம் வளர்ந்தால் முப்பது வருடத்தில் 35 லட்சம். கணக்கு தப்பில்லை. நான் அதையே பாடமாக வைத்துக்கொள்கிறேன், இரண்டு கேள்வியைச் சேர்த்து. முதலாவது: விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் அன்றைய 35 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு என்ன? ஏறத்தாழ ஆறு லட்சம். போட்ட பணம் 3,60,000. லாபம்தான், ஆனால் அட்டையில் இருந்த கோடீஸ்வரக் கனவு இல்லை. இரண்டாவது: 12 சதவீதம் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? இதற்குப் புத்தகத்தில் பதில் தேடச் சொன்னால், பொடி எழுத்தில் எங்கோ இருக்கும் எச்சரிக்கை வரியைக் கண்டுபிடிக்கிறார்கள். பங்குச் சந்தையில் அன்றாட வர்த்தகத்தைப் பற்றி உற்சாகமாக எழுதுகிற கையேட்டுக்கு இன்னொரு சோதனை வைத்திருக்கிறேன். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி மூன்று நிதியாண்டுகளில் எதிர்கால, விருப்ப ஒப்பந்தங்களில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள்; மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். இந்த எண் இல்லாமல் அந்தப் பாடம் இருந்தால் வகுப்புக்குள் அதற்கு இடமில்லை.

நல்ல கையேடு கொடுத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. பிரேசிலில் 2010, 2011-இல் ஆறு மாநிலங்களில் 892 உயர்நிலைப் பள்ளிகளில் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். தனிப் பாடமாக வைக்காமல் கணக்கு, மொழி, சமூக அறிவியல் பாடங்களுக்குள்ளேயே பணக் கணக்குகளைப் புகுத்தினார்கள். பிள்ளைகளின் அறிவு கூடியது, சேமிப்பும் கூடியது. கூடவே தவணையில் பொருள் வாங்குவதும், வட்டி அதிகமான கடன் அட்டையைப் பயன்படுத்துவதும் கூடிவிட்டது. ‘திட்டமிட்டு வாங்கு’ என்று சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளைகள் ‘திட்டமிட்டால் வாங்கலாம்’ என்று எடுத்துக்கொண்டார்களோ என்னவோ. அதைப் படித்ததிலிருந்து எந்தக் கையேட்டிலும் பட்ஜெட் பாடத்துக்கு அடுத்ததாகத் தவணைக் கடன் பாடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். நடுவில் ஐம்பது பக்கம் இடைவெளி விட்டிருந்தால் நானே வரிசையை மாற்றிக்கொள்கிறேன்.

மோசடி பற்றிய அத்தியாயம் இப்போது எல்லாவற்றிலும் உண்டு. ஓடிபி சொல்லாதே, தெரியாத இணைப்பை அழுத்தாதே, ஏமாந்தால் 1930-க்கு உடனே கூப்பிடு. இதெல்லாம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும், பெற்றோருக்குத்தான் தெரியாது. பணம் வாங்குவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை என்கிற ஒற்றை வரியை வீட்டில் போய்ச் சொல்லச் சொல்வேன். ஆனால் இந்த வயசுக்கு உண்மையான ஆபத்து வேறு. ‘உன் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் ஒரு மாதம் கொடு, கமிஷன் தருகிறோம்’ என்று கல்லூரி வாசலில் வந்து கேட்கிறார்கள். எங்கோ ஒருவரிடம் திருடிய பணம் இவன் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் தேடி வருவது இவனைத்தான். ஏமாறுகிறவனாக மட்டுமே மாணவனைப் பார்க்கிற கையேடுகள் இதைத் தொடுவதில்லை. கணக்கை இரவல் கொடுக்காதே என்று தனியாக ஒரு பக்கம் இருந்தால் அதை எழுதியவர் பிள்ளைகளோடு பழகியவர் என்று புரிந்துகொள்ளலாம்.

நேரத்தைப் பற்றி. வங்கிகள் தருகிற கையேடுகளுக்குப் பணம் மட்டும்தான் வளம். அந்த வகையில் மனையியல் பாடநூல்கள் மேல். பவுலினா நிக்கலும் ஜீன் டார்சியும் 1942-இல் எழுதிய குடும்ப மேலாண்மை நூலின் வழியில் வந்த மரபு அது. நேரம், உடல் உழைப்பு, திறமை எல்லாவற்றையும் வளமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் கோவை அவினாசிலிங்கம் கல்லூரி போன்ற இடங்கள் வளர்த்த படிப்பு. பெண் பிள்ளைகள் பாடம் என்று ஒதுக்கிவைத்ததால் வணிகவியல்காரர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. பக்கத்து ஊர்ப் பெண்கள் பள்ளியில் மனையியல் நடத்துகிற டீச்சரிடம் புத்தகத்தை இரவல் வாங்கித்தான் நேர வளப் பக்கங்களை என் வகுப்பில் நடத்துகிறேன்.

அங்கேயும் ஒரு குறை. காலை ஐந்து மணிக்கு எழுந்து படி, ஆறரைக்கு உடற்பயிற்சி, மாலை ஐந்து முதல் ஆறு விளையாட்டு என்று மாதிரி கால அட்டவணை போட்டிருப்பார்கள். அதில் தண்ணீர் பிடிக்கிற நேரம் இல்லை, ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற நேரம் இல்லை, நகரப் பேருந்துக்குக் காத்திருக்கிற நேரம் இல்லை. எனவே அட்டவணை போடச் சொல்லாமல் முதலில் நேற்றைய நாளை எழுதச் சொல்கிறேன், அரை மணிக்கு ஒரு வரி. பிறகு பையன்களும் பெண்களும் தாளை மாற்றிக்கொள்ள வேண்டும். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளில் 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாக 2019-இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதினால் யாரும் கண்டுகொள்வதில்லை. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளின் தாளில் மாலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை ‘பாத்திரம், தம்பிக்குச் சோறு, மாவு ஆட்டுறது’ என்று இருப்பதைப் படித்த ஒருவன், “அப்ப நீ எப்ப படிக்கிற?” என்று கேட்டான். “எல்லாரும் தூங்கினப்புறம்” என்றாள். நேர நிர்வாகக் கையேடு அவளுக்கு என்ன ஆலோசனை சொல்லும் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் வீட்டுப் பையன்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

புதிதாக இந்தப் பாடம் எடுக்கப் போகிற ஆசிரியர்கள் கேட்டால், முழுப் புத்தகமாக எதையும் ஏற்காதீர்கள் என்பேன். ஒரு கையேட்டில் நான்கு பக்கம் தேறினாலே பெரிது. தேறுகிற பக்கத்தை நகலெடுத்து ஒரு கோப்பில் போட்டுக்கொள்ளுங்கள். எடுக்குமுன் அந்தப் பக்கத்தை வகுப்பில் சுமாராகப் படிக்கிற ஒரு பிள்ளையிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறதோ அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு நீங்கள் வகுப்பில் பேசுகிறபடி எழுதுங்கள்.

பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதோடு, எப்போது கொடுப்பது என்பதும் இருக்கிறது. நிதிக் கல்வி பற்றிய பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வந்த ஒரு கட்டுரை, எத்தனை மணி நேரம் நடத்தினாலும் இருபது மாதத்துக்குப் பிறகு அதன் பயன் ஏறக்குறைய காணாமல் போகிறது என்று காட்டியது. பதினொன்றாம் வகுப்பு ஜூனில் நடத்தியதைக் கல்லூரி இரண்டாம் ஆண்டில் தேடினால் கிடைக்காது என்று அர்த்தம். ஆகவே கோப்பில் இருக்கும் பக்கங்களை நாட்காட்டியோடு ஒட்டவைத்திருக்கிறேன். வருடத் தாள், தடைக்காலம் முடிகிற சமயத்தில் பள்ளி திறந்த உடனே. மொய்க் கணக்கு ஆடியில். தவணைக் கடனும் சீட்டும் தீபாவளிக்கு முன்னால், கடைவீதி முழுக்கத் தள்ளுபடிப் பலகை தொங்குகிற வாரத்தில். தீபாவளிச் சீட்டு போட்டிருக்கிறவர்கள் யார், அது பதிவு பெற்றதா என்று அப்போது கேட்டால்தான் வீட்டில் போய் விசாரிப்பார்கள். நேரத் தாள் திருப்புதல் தேர்வுக்கு முன். கணக்கை இரவல் கொடுக்காதே என்கிற பக்கம் மட்டும் வகுப்பறையில் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் வாங்க வருகிறார்களே, அந்த நாளில் அலுவலக வாசலில் வரிசையில் நிற்கும்போது கையில் கொடுக்கிறேன்.

அந்தத் தாளின் மறுபக்கத்தில் இரண்டு காப்பீடுகளின் பிரீமியத் தொகைகள் இருக்கின்றன. மே கடைசியில் கணக்கிலிருந்து 436 தானாகப் பிடிக்கப்படும்போது ‘யாரோ பணத்தை எடுத்துட்டாங்க’ என்று பதறிக்கொண்டு தாய்மார்கள் பள்ளிக்கே வருவதுண்டு. அதனால் ஏப்ரல் விடுமுறை தொடங்குமுன் வங்கிக்குப் போய் அந்த வருடத்துத் தொகையை ஒரு தடவை கேட்டுக்கொண்டு, எண்ணைத் திருத்திய பிறகுதான் நகல் எடுக்கக் கொடுக்கிறேன்.